எங்கள் ஊர் கரண்டுக்குக் கட்டிய செட்டு

முப்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்குப் பாட்டுக் கேட்கும் அசெம்பிள் செட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கம்பெனிப் பெயர் இருக்காது. முகப்பில் நீல விளக்கு ஓடும். பின்பக்கம் சிவப்பும் கறுப்புமாக ஸ்பீக்கர் வயர் செருகும் கிளிப்புகள் வரிசையாக இருக்கும். சுற்றி வைக்க ஐந்து சின்ன ஸ்பீக்கர், மூலையில் தரை அதிர ஒரு பெரிய பெட்டி. உங்கள் வீட்டுச் செட்டைத் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ யாரோ ஓர் அண்ணன் கட்டிக் கொடுத்திருப்பார். கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் பள்ளங்கியில் அதைக் கட்டியவர்கள் என் அப்பாவும் அம்மாவும்.

அப்பா அதற்கு முன் டூரிஸ்ட் வேனில் கிளீனராக இருந்தவர். வேனில் செட்டு கெட்டால் பிரித்துப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். பெட்டி அறுப்பது, அலுமினியத் தகட்டில் துளை போடுவது, வயர் இழுப்பது எல்லாம் அவர். போர்டில் சாமான்களைப் பற்றவைக்க ஈயம் வைப்பது அம்மா. கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்க ஈயம் வைத்த கை அது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண்ணும் தெரியாது. ஆனால் ரெசிஸ்டரின் உடம்பில் இருக்கும் வளையங்களைப் பார்த்து, பழுப்பு கறுப்பு சிவப்பு ஒரு டப்பா, மஞ்சள் ஊதா சிவப்பு இன்னொரு டப்பா என்று பிரித்துப் போடுவார். ஒருநாளும் மாறியதில்லை. அவர் வைத்த ஈயம் போர்டின் முதுகில் சின்னச் சின்னப் பொட்டாக, கண்ணாடி மாதிரி மின்னும். அப்பா வைத்தால் கோழி எச்சம் மாதிரி இருக்கும். இதைச் சொன்னது அப்பாவேதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். இந்தக் கதை நடந்த வருஷம் ஆறாம் வகுப்பு. டவுன் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். அதனால் கரண்டு அளக்கும் கை மீட்டரை வாசிப்பது என் வேலை. அப்பாவின் இரண்டு கையும் மீட்டரின் இரண்டு கம்பிகளைப் பிடித்திருக்கும். மீட்டர் என் கையில் இருக்கும். அவர் கேட்பார், நான் சொல்வேன். அந்த மஞ்சள் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

புதுச் செட்டை எடுத்த எடுப்பில் நேராகக் கரண்டில் செருக மாட்டார்கள். நடுவில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு இருக்கும். சீரிஸ் பல்பு என்பார்கள். கரண்டு அந்தப் பல்பு வழியாகத்தான் செட்டுக்குள் போகும். செட்டில் கோளாறு இல்லையென்றால் பல்பு ஒரு தரம் பளிச்சென்று எரிந்து அடங்கிவிடும். உள்ளே எங்காவது ஒட்டியிருந்தால் அடங்காது, எரிந்துகொண்டே இருக்கும். பளிச்சென்று எரிவதற்கும் அடங்குவதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் உண்டு. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். அம்மாவின் பார்வை பல்பில் இருக்காது, சுவரில் இருக்கும். சுவரில் வெளிச்சம் சுருங்கினால் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

எங்கள் ஊர் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்கம்பி மலையைச் சுற்றி வந்து எங்களோடு முடிகிறது. மேலே ரோட்டோரம் காட்டேஜ்கள் வந்த பிறகு, சாயங்காலம் அங்கே வெந்நீர் ஹீட்டரைப் போட்டால் எங்கள் பல்பு பழுத்த பப்பாளி நிறத்துக்கு வந்துவிடும். டியூப்லைட் பிடிக்காது. கடையில் வாங்கிய செட்டுகள் அந்த நேரத்தில் முனகும், இரையும், அணைந்துவிடும். அப்பாவின் செட்டு மட்டும் பாடும். அதுதான் அவருடைய தொழில் ரகசியம். திண்டுக்கல்லில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுப்பவரிடம், எங்கள் ஊர் கரண்டுக்குத் தகுந்தபடி தனியாகச் சுற்றச் சொல்லி வாங்குவார். அதற்கான சீட்டை எழுதுவது நான். மேலே '165' என்று பெரிதாக எழுதி அடியில் இரண்டு கோடு போடுவேன். சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் மீட்டர் காட்டும் வோல்ட் அது. சில நாள் நூற்று அறுபது, சில நாள் நூற்று எழுபது. பகலில்கூட நூற்று எண்பதைத் தாண்டாது. நூற்றைம்பதுக்குக் கீழே போனால் அன்றைக்கு டெஸ்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் பல்பைப் போடும் முன் அப்பா கேட்பார்:

“கரண்டு எத்தனை, பாப்பா?”

அந்த ஐப்பசியில் ஒரு தப்பு நடந்தது. ஒரு போர்டைச் சோதிக்கும்போது மீட்டரில் இருந்த புள்ளியை நான் கவனிக்கவில்லை. ஒன்று புள்ளி ஏழு என்பதைப் பதினேழு என்று சொல்லிவிட்டேன். அப்பா நம்பி அடுத்த வயரை வைத்தார். ஒரு ஐசி புகைந்து போனது. அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. டீக்கடையில் போய்ச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் டீக்கடைக்காரர், “என்ன தாயி, புள்ளியப் பாத்தியா?” என்று கேட்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற எனக்கு அந்தச் சிரிப்பு செருப்பில் ஏறிய முள்.

கார்த்திகையில் தாய்மாமன் திருப்பூரிலிருந்து வந்தார். உறைபனி தொடங்கியிருந்தது. அடுப்புக்கு முன்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அம்மாவிடம் பேசினார். பனியன் கம்பெனியில் மூன்று பேருக்கும் வேலை இருக்கிறது என்றார். மூன்று பேர் என்றால் யார் யார் என்று அம்மா கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடம் அங்கேயும் இருக்கிறது, சாயங்காலம் பனியனில் நூல் பிசிறு வெட்டப் போகலாம் என்றார். மாமாவின் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளும் அப்படித்தான் தொடங்கினாள். பிறகு சாயங்காலம் என்பது காலையிலேயே வந்துவிட்டது.

ஊரில் செட்டு வாங்க வேண்டியவர்கள் எல்லாம் வாங்கி முடித்திருந்தார்கள். பள்ளங்கியில் எத்தனை வீடு இருக்கப்போகிறது. அம்மாதான் சொன்னார்.

“தைப்பூசம் வரைக்கும் பாக்கோம்ண்ணே. அதுக்குள்ள மலையை விட்டு வெளிய ஒரு பெரிய செட்டு போச்சுன்னா இங்கனயே இருப்போம். போகலைன்னா மூட்டையைக் கட்டிட்டு நானே கூட்டியாரேன்.”

அம்மா சொல்லை மாற்றுகிறவர் இல்லை. மாமாவுக்கும் அது தெரியும். டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

அந்தப் பெரிய செட்டு மார்கழி பாதியில் வந்தது. பழனியில் பாதயாத்திரைக்காரர்கள் தங்கும் மண்டபம் வைத்திருக்கும் ஒருவர் கொடைக்கானலுக்கு வந்திருந்தபோது, சாயங்காலம் ஒரு கடையில் அப்பாவின் செட்டு பாடுவதைக் கேட்டிருக்கிறார். அவருக்கு ஒரே பெட்டியில் ஆறு வழி வேண்டும். சாப்பாட்டுக் கூடம், சமையல்கட்டு, வாசல், மாடி, பின்னால் குளிக்கிற இடம், பூஜை மேடை. ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். மாடியில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் சமையல்கட்டுக்கு மட்டும் சேதி சொல்ல முடிய வேண்டும். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் வந்து மாட்டித் தர வேண்டும். நன்றாக இருந்தால் அவருடைய இன்னொரு மண்டபத்துக்கும் அப்பாதான் செய்வார்.

இருபது நாள் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. பழைய கதவு ஒன்றை இரண்டு கேரட் பெட்டிகள் மேல் போட்டதுதான் எங்கள் வேலை மேசை. அதில் ஆறு போர்டுகள் வரிசையாக இருக்கும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் கையை ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு அம்மா குனிந்திருப்பார். அந்தக் குளிரில் ஈயம் வெரசா உறைந்துவிடும். உறைவதற்குள் கையை எடுக்க வேண்டும், ஆனால் அவசரப்படவும் கூடாது. உருகும் ஈயத்தோடு எழும் புகைக்கு ஒரு மரப்பிசின் வாசனை உண்டு. எங்கள் போர்வை, என் யூனிபார்ம், சோறு எல்லாவற்றிலும் அந்த வாசனை இருந்தது. ஆறாவது போர்டு முடிந்த அன்று பல்பு ஒரு தரம் எரிந்து அடங்கியது. சுவரில் வெளிச்சம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு அம்மா முதல்முறையாக அடுப்படிக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து ஒரு பாட்டு முழுவதையும் கேட்டார். பிறகு, “பாடுதுல்ல” என்றார். அவ்வளவுதான்.

பழனிக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். மீட்டர் வாசிக்க ஆள் வேண்டும் என்றார். அம்மா வீட்டில் இருந்து அடுத்த செட்டுக்கான போர்டை ஆரம்பித்துவிட்டார். அடுத்த செட்டு உண்டு என்ற நம்பிக்கையில்தான்.

வெள்ளனே டவுனுக்குப் போய்ப் பழனி பஸ் ஏறினோம். செட்டைக் கம்பளியில் சுற்றி அப்பா மடியில் வைத்திருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் கனத்தில் அவர் தொடை மரத்துப்போகும், மாற்றி மாற்றி உட்கார்வார். ஒவ்வொரு வளைவிலும் பெட்டி ஜன்னல் பக்கம் சரியும். நான் என் கையை நடுவில் கொடுத்துத் தாங்கிக்கொள்வேன். வடகவுஞ்சி தாண்டியதும் காது அடைத்துத் திறந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். கீழே போகப் போகக் காற்று மாறியது. அடிவாரத்தில் காவடி மணிச்சத்தம் கேட்டது.

மண்டபத்தில் எங்களை வரவேற்றவர் மேனேஜர். வெற்றிலை போட்ட வாய், அதில் எப்போதும் ஒரு கேலி. அப்பா கம்பளியைப் பிரித்ததும், “என்னய்யா இது, கொழந்தையத் தூக்கிட்டு வந்த மாதிரி வந்திருக்க” என்றார். ஆறு இடத்துக்கும் வயர் இழுத்து முடிக்க மதியம் ஆனது. சமையல்காரர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள், முன்னாலேயே வந்துவிட்ட சில பாதயாத்திரைக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அப்பா மீட்டரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். “இந்தப் புள்ளைக்கு இதெல்லாம் வாசிக்கத் தெரியுமா?”

“ஆறாப்பு படிக்கிதுங்க. எங்க வீட்டுல அதுதான் இன்ஜினியர்” என்றார் அப்பா. அவர் குரலில் இருந்த பெருமை எனக்கு இன்றும் கேட்கிறது. இரண்டு கம்பிகளையும் பிளக் பாயிண்டில் வைத்துக்கொண்டு, எப்போதும் போலக் கேட்டார்.

“கரண்டு எத்தனை, பாப்பா?”

மீட்டரில் இருந்த எண் 242.

என் வாழ்நாளில் அந்த மீட்டரில் நான் அப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை. இருநூறைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. புள்ளி எங்கே என்று தேடினேன். புள்ளி இல்லை. மறுபடி பார்த்தேன். 242, பிறகு 241, மறுபடி 242. தப்பாக வாசிக்கிறேன் என்று தோன்றியது. டீக்கடைப் பெஞ்சின் சிரிப்பு காதில் கேட்டது. மேனேஜர் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

“நூத்தி அறுபத்தஞ்சு” என்றேன்.

“போதும்” என்று சொல்லிவிட்டு அப்பா கம்பிகளை எடுத்தார்.

பல்பு வழியாகப் போட்டபோது ஒரு தரம் பளிச்சென்று எரிந்தது. எங்கள் வீட்டு வெளிச்சத்தைவிட வெள்ளையாக, கண் கூசும்படி எரிந்து அடங்கியது. அப்பா சிரித்தார். பல்பைக் கழற்றிவிட்டு நேராகச் செருகினார். கூடத்தில் முருகன் பாட்டு எழுந்தது. இத்தனை சத்தமாக எங்கள் செட்டு பாடி நான் கேட்டதில்லை. சமையல்கட்டிலிருந்து ஒருவர் கரண்டியோடு வெளியே வந்து தலையாட்டினார். மாடிக்கு, வாசலுக்கு என்று ஒவ்வொரு குமிழாக அப்பா திருகிக் காட்டினார். நான் மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடியட்டும், இந்தப் பாட்டு மட்டும் முடியட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடிந்தது. இரண்டாவது பாட்டும் முடிந்தது. ஒருவேளை மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று நான் நம்பத் தொடங்கினேன்.

மூன்றாவது பாட்டின் நடுவில் வெடித்தது.

பட்டாசு மாதிரி ஒரு சத்தம், உடனே இன்னொன்று. பெட்டியின் துளைகள் வழியாக வெள்ளைப் புகை வந்தது. அழுகிய மீனும் எரிந்த பிளாஸ்டிக்கும் கலந்த நாற்றம். யாரோ மெயினை அணைத்தார்கள். கூட்டம் பின்வாங்கியது. மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “தைப்பூசத்துக்கு வெடி எதுக்குய்யா கொண்டாந்த?” என்றார். சிலர் சிரித்தார்கள்.

மண்டபத்துக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாளைக் காலை அறுநூறு பேர் வருகிறார்கள், விளக்கு வைக்கும் நேரம் வரைதான் பார்ப்பேன், இல்லையென்றால் வாடகை செட்டுக்காரனைக் கூப்பிட்டுவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அப்பா பெட்டியைத் திறந்தார். இரண்டு பெரிய கண்டன்சர்கள் தலை பிளந்து கிடந்தன. நான்கு ஐசி போயிருந்தன. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் நாள் கணக்கில் பாடிய செட்டு. ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து போர்டில் சொட்டியது. பிறகு செல்போனை எடுத்து டீக்கடைக்குப் போன் போட்டார். அந்த ஒன்றைத் தவிர எங்கள் வீட்டில் வேறு போன் கிடையாது. சேதி எல்லாம் டீக்கடை வழிதான்.

“அண்ணே, எங்க வீட்டுல போயி ஒரு வார்த்தை கேளுங்க. டையோடு பக்கத்துல ஈயம் சரியா வச்சாளான்னு.” எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அப்பாவின் முகம் சுருங்கியது. “ஆமாண்ணே, வெடிச்சிருச்சு. எல்லாச் சனத்துக்கும் முன்னால. அவ வச்ச ஈயந்தான் பிரிஞ்சிருக்கும், வேற என்ன. அவ கையாலதான் கெட்டுப்போச்சு. போயிச் சொல்லுங்க.”

அந்த வார்த்தைகள் டீக்கடைக்குப் போய், பெஞ்சில் இருப்பவர்கள் காது வழியாக எங்கள் வாசலுக்குப் போவதை நான் அந்த மண்டபத்தில் நின்றுகொண்டே பார்த்தேன். கையை ஊதி ஊதி ஈயம் வைத்த அம்மாவைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

“அப்பா, நான் பொய் சொன்னேன்.”

அவர் நிமிரவில்லை. “என்னாது?”

“நூத்தி அறுபத்தஞ்சு இல்ல. இருநூத்தி நாப்பத்திரெண்டு இருந்துச்சு. தப்பா வாசிச்சுட்டேன்னு நெனச்சு மாத்திச் சொல்லிட்டேன்.”

அப்பா என்னைப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. மீட்டரை என் கையில் கொடுத்தார். மெயினைப் போடச் சொல்லி, கம்பிகளைப் பாயிண்டில் வைத்தார். இந்த முறை கேட்கவில்லை. கழுத்தை வளைத்து அவரே எட்டிப் பார்த்தார். 242. பிறகு கம்பிகளை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“அத்தனை வளைவு எறங்கி வந்தமே. கரண்டு மட்டும் நம்ம ஊரு கரண்டாவே இருக்கும்னு நெனச்சேனே, எம்புட்டுப் பெரிய மடையன் நான்.”

எங்கள் ஊரின் இளைத்த கரண்டுக்கென்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், கீழ்நாட்டின் முழுக் கரண்டை வாங்கி, இருபது வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் முப்பதுக்குப் பக்கமாகக் கொடுத்திருக்கிறது. இருபத்தைந்து தாங்கும் கண்டன்சர் எத்தனை நேரம்தான் தாங்கும். மலையில் அவர் செட்டைப் பாட வைத்த அதே வித்தைதான் இங்கே வெடிக்க வைத்தது.

எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கடைவீதிக்கு நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார். பஞ்சாமிர்தக் கடைகளுக்கு நடுவே இருந்த ஒரு ரேடியோ கடையில், எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கேட்டு வாங்கினார். புதுக் கண்டன்சர், ஐசி எல்லாம் அங்கேயே கிடைத்தன. திரும்பி வந்து, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். ஈயம் கோழி எச்சமாகத்தான் விழுந்தது. மேனேஜர் இரண்டு முறை வந்து வெயில் எங்கே இறங்கியிருக்கிறது என்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எங்களுக்குக் கேட்கும்படி யாரிடமோ வாடகை செட்டுக்காரரின் நம்பரைக் கேட்டார்.

வாசலில் விளக்குப் போடும் நேரத்தில் அப்பா பல்பை மாட்டினார். அதே கூட்டம் மறுபடி கூடியது.

“கரண்டு எத்தனை, பாப்பா? எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லு.”

“இருநூத்தி முப்பத்தெட்டு.”

ஸ்விட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. நான் பல்பைப் பார்க்கவில்லை. அம்மா மாதிரி சுவரைப் பார்த்தேன். வெளிச்சம் சுருங்கியது. கம்பிகளை உள்ளே கண்டன்சரில் வைத்து மறுபடி கேட்டார்.

“இருபது புள்ளி மூணு” என்றேன். புள்ளியைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

அன்றைக்குப் பாட்டு நிற்கவில்லை. மண்டபத்துக்காரர் ஆறு இடத்துக்கும் தானே நடந்து போய்க் கேட்டார். சமையல்கட்டிலிருந்து திரும்பும்போது, இன்னொரு மண்டபத்தையும் பங்குனிக்குள் முடித்துக் கொடுத்துவிடு என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். மேனேஜர் எனக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொடுத்து, “இந்தாங்க இன்ஜினியரம்மா” என்றார்.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. மண்டபத்திலேயே தங்கினோம். அம்மாவுக்குப் போன் போடலாம் என்று நான் சொன்னேன். சார்ஜ் இல்லை என்றார் அப்பா. செல்போனில் இரண்டு கட்டம் இருந்ததை நான் பார்த்தேன். அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. போன் போட்டால் அதே டீக்கடைக்காரரிடம், அதே பெஞ்சுக்குக் கேட்கும்படி, தான் சொன்னது தப்பு என்று அவர் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் பஞ்சாமிர்த டப்பாவோடு ஊரில் இறங்கினோம். வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் பாத்திரங்கள் சாக்கில் கட்டிக் கிடந்தன. மேசையாக இருந்த கதவு சுவரில் சாய்ந்திருந்தது. அடுத்த செட்டின் போர்டு ஒன்று மட்டும் தரையில் இருந்தது. அதில் வைத்த ஈயம் முழுவதையும் அம்மா உருக்கி எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி எடுத்திருந்தார். போர்டு கருகியிருந்தது.

டீக்கடைக்காரர் ஓடி வந்தார். “எலே, உம்பொண்டாட்டி சாயங்காலத்துல இருந்து ஒரு வார்த்தை பேசல. வெள்ளனே டவுனுக்குப் போயிருக்கா, பள்ளிக்கூடத்துல புள்ளைக்கு டிசி வாங்க.”

அப்பா பஞ்சாமிர்த டப்பாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. முட்டைக்கோஸ் ஏற்றிப் போன ஒரு வேனை மறித்து ஏறினோம். மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து போன அந்தப் பயணம் முழுக்க, தலைமையாசிரியை வந்திருப்பாரா, கையெழுத்துப் போட்டிருப்பாரா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவில்லை. போட்டுவிட்டால் திருப்பூர். அம்மா மாமாவுக்குக் கொடுத்த சொல் அது.

பள்ளிக்கூட வராந்தாவில், தலைமையாசிரியை அறைக்கு வெளியே, பெஞ்சின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு விண்ணப்பம். கிளார்க் எழுதிக் கொடுத்தது. அடியில் அம்மாவின் ரேகை ஊதா மையில் இருந்தது. கட்டைவிரலில் மை இன்னும் காயவில்லை. வேறு இரண்டு விரல் நுனிகளில் சூட்டுக் கொப்புளம்.

அப்பா அவர் முன்னால் போய் நின்றார். “செட்டு பாடுது, புள்ள. இன்னொரு மண்டபமும் குடுத்துட்டாரு” என்றார்.

அம்மா நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தார். “அப்ப எது வெடிச்சுச்சு?”

“கரண்டு” என்றார் அப்பா.

அம்மா காத்திருந்தார். மணி அடித்தது, பிள்ளைகள் வெளியே வந்தார்கள், அப்பா வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் என் பொய்யைச் சொல்லித் தீர்த்துவிட்டேன், மிச்சம் அப்பா சொல்ல வேண்டியது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா விண்ணப்பத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “நீ வகுப்புக்குப் போ” என்றார். யூனிபார்ம் இல்லாமல், பழனித் தூசியோடு போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு எந்தச் செட்டு வீட்டை விட்டுப் போனாலும் அதன் முதுகில் பெயின்டால் எழுதுவேன்: ‘மலைக்கு’ அல்லது ‘கீழே’. நான் படித்தேன். இன்று கோயம்புத்தூரில், கரண்டை அளந்து எழுதுவதையே வேலையாகச் செய்கிறேன். எத்தனை நம்ப முடியாத எண் வந்தாலும், வந்ததைத்தான் எழுதுவேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த ஆறு வழிச் செட்டு வீட்டில் இருந்தது. மண்டபத்தில் புதுசு மாட்டிவிட்டு இதைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். திறந்து போர்டைத் திருப்பினேன். அம்மாவின் ஈயம் இன்னும் மின்னியது. நடுநடுவே அப்பாவின் கோழி எச்சங்கள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

“தெரியும்டி” என்றார் அம்மா. அலமாரி மேலிருந்து ஒரு பஞ்சாமிர்த டப்பாவை எடுத்தார். உள்ளே தலை பிளந்த இரண்டு கண்டன்சர்களும், நான்காக மடித்த ஒரு விண்ணப்பமும். “பையில கொண்டாந்து போட்டிருந்தாரு. அன்னைக்கே எடுத்துப் பாத்துட்டேன். ஈயம் பிரிஞ்சா இதோட தல எப்புடி வெடிக்கும்? அம்புட்டுக்கூடவா எனக்குத் தெரியாது.”

“ஏம்மா கேக்கல?”

“அவரா சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

முன்னறையில் அப்பா ஏதோ ஒரு செட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதா என்று தெரியாது.

அப்பா இரண்டாம் வகுப்பு வரை போனவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், வாய்விட்டுத்தான் வாசிப்பார். நான் எழுதியது எது அச்சில் வந்தாலும் அதை டீக்கடைக்குக் கொண்டுபோய், பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பது அவர் வழக்கம். இதையும் வாசிப்பார். அதனால் கடைசி வரியை மட்டும் சின்னச் சின்ன வார்த்தைகளாக எழுதி வைக்கிறேன்.

அவள் வைத்த ஈயம் பிரியவில்லை. தப்பு அவள் கையில் இல்லை.